கியாந்திக் கலவை ஒயினும் சட்டமும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் புளோரன்ஸ், சியெனா ஆகிய நகரங்களுக்கு இடைப்பட்ட குன்றுப் பகுதி கியாந்தி எனப்படும். அங்கு உருவாகும் சிவப்பு ஒயின் நெடுங்காலமாகப் பல வகைத் திராட்சைகளின் கலவையாகவே இருந்து வந்துள்ளது. எவ்வகைத் திராட்சை எவ்வளவு சேர வேண்டும் என்பதை முன்பு ஒயின் செய்வோரின் பட்டறிவு முடிவு செய்தது. 20ஆம் நூற்றாண்டில் அம்முடிவு அரசு விதியாயிற்று. அவ்விதி மரபின் அளவைப் பற்றிக்கொண்டு அதன் காரணத்தைக் கைவிட்டது என்பதையும், அதனால் நேர்ந்த விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எல்லையும் கலவையும்

டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ தெ மெதிச்சி 1716இல் ஓர் ஆணை பிறப்பித்தார். கியாந்தி, பொமினோ, கார்மிஞானோ, மேல் வால்தார்னோ ஆகிய நான்கு பகுதிகளின் எல்லைகளை அது வரையறுத்தது. ஊர்ப்பெயரைச் சொல்லிப் பிறவிடத்து ஒயினை விற்பதைத் தடுப்பது அதன் நோக்கமாகும். நிலத்தின் எல்லையை அது குறித்ததேயன்றிக் கலவையின் அளவைக் குறிக்கவில்லை.

கலவைக்குத் தெளிவான விளக்கம் தந்தவர் பெத்தினோ ரிக்காசோலி (1809–1880). ஒன்றுபட்ட இத்தாலியின் தலைமை அமைச்சராக இருமுறை பணியாற்றிய இவர், ப்ரோலியோ கோட்டையைச் சார்ந்த தம் தோட்டங்களில் பல்லாண்டுகள் சோதனைகள் செய்தார். பீசா பல்கலைக்கழகப் பேராசிரியர் செசாரே ஸ்துதியாத்திக்கு 1872இல் எழுதிய மடலில் அவற்றின் முடிவைக் கூறினார். சாஞ்சோவேசே என்னும் கருந்திராட்சை மணத்தையும் வலிமையையும் தருகிறது. கனாயோலோ அதன் கடுமையைத் தணித்து மென்மை சேர்க்கிறது. மால்வாசியா என்னும் வெள்ளைத் திராட்சை ஒயினை இலேசாக்கி அன்றாட உணவுக்கு விரைவில் ஏற்றதாக்குகிறது. நெடுநாள் வைத்துப் பழமையாக்கும் ஒயினுக்கு மால்வாசியாவைத் தவிர்க்கலாம் என்பதும் அம்மடலின் கருத்தாகும். ஆகவே அது நிபந்தனையுடன் கூடிய வழிகாட்டலே. எல்லா ஒயினுக்குமான கட்டளையன்று.

நிபந்தனை நீங்கிய விதி

1932இல் கியாந்தி என்னும் பெயர் அண்டை மாவட்டங்களுக்கும் விரிந்தது. பழைய நிலப்பகுதி 'கிளாசிக்கோ' என வேறுபடுத்தப்பட்டது. 1967இல் வந்த தோற்றப்பெயர் விதி, 10 முதல் 30 விழுக்காடு வரை வெள்ளைத் திராட்சை சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. ரிக்காசோலி பரிந்துரைக்காத திரெப்பியானோவும் இதில் இடம்பெற்றது. மிகுதியாகக் காய்க்கும் அத்திராட்சை மணம் குறைந்தது. குத்தகை வாரமுறை குலைந்து உழவர்கள் தொழிற்சாலைகளை நாடிய அக்காலத்தில், விளைச்சலின் அளவையே முதன்மையாகக் கொண்டு புதிய தோட்டங்கள் நடப்பட்டன. இவையனைத்தும் சேர, நிறமும் செறிவும் குன்றிய ஒயின் பெருகியது. வைக்கோல் சுற்றிய குடுவை மலிவின் அடையாளமாயிற்று.

இவ்விழப்பு உணவு மேசையிலும் உணரப்படுவது. சாஞ்சோவேசேயின் புளிப்பும் துவர்ப்பும் கரியடுப்பில் சுட்ட புளோரன்ஸ் மாட்டிறைச்சியின் கொழுப்புக்கும், பெக்கொரினோ என்னும் ஆட்டுப்பால் கட்டிக்கும் ஈடுகொடுப்பவை. வெள்ளைத் திராட்சை மிகும்போது அத்துவர்ப்பு தளர்கிறது. அன்றாட எளிய உணவுக்கு ஒன்று, கொழுப்பு மிக்க இறைச்சிக்கு வேறொன்று என ரிக்காசோலியின் மடல் இடமளித்த வேறுபாடு விதியில் மறைந்தது.

விதியை மீறிய தரம்

அந்தினோரி குடும்பத்தினர் தின்யானெல்லோ தோட்டத்து ஒயினை 1971ஆம் ஆண்டு அறுவடை முதல் கியாந்தி என்னும் பெயரின்றி வெளியிட்டனர். ஒயின் வல்லுநர் ஜாக்கோமோ தாக்கிஸ் இம்முயற்சிக்குத் துணைநின்றார். 1975இல் வெள்ளைத் திராட்சை முற்றிலும் நீக்கப்பட்டது. காபர்னே சோவினியோன் கலவையில் இடம்பெற்றது. சட்டப்படி இது மிகத் தாழ்ந்த 'மேசை ஒயின்' வகையைச் சேர்ந்தது. ஆயினும் கியாந்தியைவிட உயர்ந்த விலைக்கு விற்றது. பெயரைத் துறந்தால்தான் தரம் காக்க இயலும் என்ற முரண் விதியின் குறையை வெளிப்படுத்தியது.

1984இல் வெள்ளைத் திராட்சையின் கட்டாய அளவு குறைக்கப்பட்டது. 1996இல் சாஞ்சோவேசேயை மட்டும் கொண்டு கியாந்தி கிளாசிக்கோ செய்ய இசைவு கிடைத்தது. 2006ஆம் ஆண்டு அறுவடை முதல் அதில் வெள்ளைத் திராட்சை தடைசெய்யப்பட்டது.

முடிவுரை

ஒரு காலத்தில் கட்டாயமாக இருந்த பொருளே நாற்பது ஆண்டுகளுக்குள் விலக்கப்பட்டதாயிற்று. இரண்டு விதிகளும் மரபின் பெயராலேயே நியாயப்படுத்தத்தக்கவை. எனினும் இரண்டிலும் ரிக்காசோலி கூறிய நிபந்தனைக்கு இடமில்லை. இளமையில் அருந்தும் ஒயினில் மால்வாசியாவுக்கு அவர் தந்த இடம் இன்றைய கிளாசிக்கோவில் இல்லை. ஊர்ப்பெயரால் அறியப்படும் பொருளைச் சட்டத்தால் காக்க முனைவோர், அளவுகளோடு அவ்வளவுகள் எதற்காக அமைந்தன என்பதையும் பதிவு செய்ய வேண்டும் என்பதைக் கியாந்தியின் வரலாறு உணர்த்துகிறது.