எழவு வீடும் வெள்ளித்திரையும்

கம்பம் பள்ளத்தாக்கில் எழவு வீடென்றால் ஊருக்கே கேட்கும். கொட்டுக்காரர் வந்துவிடுவார்கள், பெண்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள், நீர்மாலை எடுப்பார்கள், பிறந்த வீட்டுக் கோடித்துணிக்காகக் காத்திருப்பார்கள். சின்னமனூரில் என் அப்பத்தா கேதம் கேட்கப் போனால், செத்தவரின் வாழ்க்கை முழுவதையும் ஒப்பாரியிலேயே சொல்லி முடிப்பார்.

பழைய ஸ்டுடியோ படங்களில் இதைப் பார்ப்பது அரிது. நாயகன் தனியே நின்று ஒரு பாட்டில் அழுதுவிடுவான். அல்லிநகரத்துப் பாரதிராஜா படமெடுக்க வந்த பிறகுதான் எங்கள் அழுகை திரைக்கு வந்தது. 1993இல் 'கிழக்குச் சீமையிலே' பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே கிழிபட்ட பெண்ணைக் காட்டியது. அடுத்த ஆண்டு 'கருத்தம்மா'. ஆண்டிபட்டிக் கணவாய்க்கு இருபுறமும் பெண் சிசுக்களைக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. அந்தச் சாவுக்குக் கொட்டு இல்லை, கோடி இல்லை, ஒப்பாரி இல்லை. பெற்றவள் வாய்விட்டு அழவும் முடியாது. அடக்கிய அந்த அழுகையை ஊர் நடுவே கொண்டுவந்து வைத்தார் பாரதிராஜா. குடும்ப நலத்துக்கான தேசிய விருது படத்துக்குக் கிடைத்தது. அந்தச் சிசுக்களைக் காக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டமோ, எங்கள் தேனி மாவட்டத்துக்கு வந்து சேர 2001 ஆயிற்று.

பிறகு 'மதயானைக் கூட்டம்' (2013) எழவு வீட்டுச் செய்முறையையும் அதில் மூளும் பகையையும் கதையாக்கியது. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) ஏலக்காய் மூட்டை சுமப்பவர்களின் இழப்பை ஆரவாரமின்றிச் சொன்னது. இரண்டும் நல்ல படங்கள். ஆனாலும், அழ அனுமதியில்லாத தாய்க்காக அழுத 'கருத்தம்மா'வுக்கே நான் முதலிடம் கொடுப்பேன்.