ஆதுலர் சாலை முதல் காப்பீட்டு அட்டை வரை

 



நம் பகுதி ஜமாஅத்களில் எவரேனும் கடும் நோயில் வீழ்ந்தால், ஜும்ஆத் தொழுகைக்குப் பின் துண்டேந்தி வசூல் செய்வது நெடுநாளைய வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அவ்வாறு சேரும் தொகை பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் போதுவதில்லை. அடுத்துப் பெண்களின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. அதன்பின் கந்து வட்டி. மார்க்கம் கடுமையாகத் தடுத்த வட்டியின் வாசலுக்கு நம்மவரைக் கொண்டு நிறுத்தும் காரணங்களில் மருத்துவச் செலவு முதன்மையானது. அந்நோயாளிகளில் ஒரு பகுதியினர், ஒரு காசும் செலவின்றிச் சிகிச்சை பெறும் தகுதி தமக்கு இருப்பதை அறியாமலே கடனாளி ஆகின்றனர் என்பதே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

ஏழை நோயுற்றால் செலவை யார் ஏற்பது என்னும் கேள்வி பழமையானது. நம் வரலாற்றில் அதற்குக் கிடைத்த முதல் விடை பள்ளிவாசலிலேயே இருக்கிறது. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்காக மஸ்ஜிதுந் நபவியில் கூடாரம் அமைக்கப்பட்டது. அங்குக் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்த ருஃபைதா (ரலி) என்னும் அன்சாரிப் பெண்மணியை வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

பின்னர் எழுந்தவை ‘பீமாரிஸ்தான்’ எனப்பட்ட மருத்துவமனைகள். 9ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட அஹ்மத் இப்னு தூலூன் நிறுவிய மருத்துவமனையில், நோயாளியின் உடையும் பணமும் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டு, குணமானபின் திருப்பித் தரப்பட்டன. ஒரு கோழியையும் ஒரு ரொட்டியையும் முழுதாக உண்ண முடிந்தவரே குணமானவர் எனக் கருதி வீட்டுக்கு அனுப்பப்பட்டார் என்று மக்ரீஸீ எழுதுகிறார். இன்று படுக்கைக்கு ஆள் காத்திருக்க அவசரமாக வெளியேற்றப்படுவோர் இதைப் படித்தால் பெருமூச்சுதான் விடுவர்! 1154இல் நூருத்தீன் திமிஷ்கில் எழுப்பியதும், 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் எழுப்பியதும் இவ்வகையில் பெரும் புகழ் பெற்றவை. கெய்ரோ மருத்துவமனையில் காய்ச்சல், கண்ணோய், அறுவை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. ஆண், பெண், செல்வர், வறியர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் சேர்க்கப்பட்டனர். செலவு முழுவதையும் வக்ஃபுச் சொத்துகளின் வருவாய் ஏற்றது. பலருடைய பொருள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு, துன்புற்ற சிலருக்குச் செலவிடப்படுகிறது. மருத்துவக் காப்பீட்டின் அடிப்படையும் இதுவன்றி வேறில்லை.

நம் மண்ணிலும் இதற்கு ஒப்பான சான்று உண்டு. மரக்காணத்துக்கு வடக்கே, பாலாற்றோடு செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து, அதாவது 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ‘வீரசோழன்’ என்னும் பெயருடைய ஆதுலர் சாலையை அது விவரிக்கிறது. ஆதுலர் என்றால் நோயாளிகள். 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைப் பேணும் பெண்கள், ஒரு நாவிதர். இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும், பணியாளரின் ஊதியமும்கூடக் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஆயினும் அது கோயிற் பணியாளருக்கும் அங்கே தங்கிப் பயின்ற மாணவர்களுக்கும் உரியதாக இருந்தது. உப்பு விளைவித்தவனுக்கு அங்கே படுக்கை இருந்ததாகக் கல்வெட்டு சொல்லவில்லை.

ஆங்கிலேயர் காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். சென்னை பொது மருத்துவமனையின் வரலாறு 1664இல் கோட்டைக்குள் கம்பெனிச் சிப்பாய்களுக்காகத் தொடங்கப்பட்ட சிறு மருத்துவமனையிலிருந்து தொடங்குகிறது. நமக்கு அண்மையிலுள்ள புதுவையில் பிரெஞ்சுக்காரர் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியே வளர்ந்து, 1964இல் ஜிப்மர் என்னும் பெயர் பெற்றது. கிராமத்து ஏழையை எண்ணித் தீட்டப்பட்ட முதல் பெரிய திட்டம் என்றால் 1946இல் வெளியான போர் குழுவின் அறிக்கைதான். (சர் ஜோசப் போர் என்பவரின் பெயரால் அமைந்த குழு, யுத்தம் என்று கொள்ளற்க.) பணம் செலுத்த இயலாமையால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. ஆரம்ப சுகாதார நிலையம் என்னும் அமைப்பு அதிலிருந்தே பிறந்தது.

இன்றுள்ள அமைப்பு படிப்படியானது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. அதற்குமேல் வட்ட அளவிலான அரசு மருத்துவமனை. அதற்கும் மேல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நம் விழுப்புரம் மாவட்டத்திற்கு 2010 முதல் முண்டியம்பாக்கத்தில் அது இயங்குகிறது. காய்ச்சலுக்கும், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையமே போதும். அங்குத் தரப்படும் மருந்து தரமற்றது என்று நம்மவர் சிலர் ஒதுக்குகின்றனர். 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, ஆய்வகச் சோதனைக்குப் பின்னரே அனுப்புகிறது. பிற மாநிலங்கள் பின்பற்றிய முறை இது.

காப்பீட்டின் கதை வேறு வழியில் வந்தது. 1883இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் தொழிலாளர் நோய்க்காப்பீட்டைச் சட்டமாக்கினார். நம் நாட்டில் 1948இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் வந்தது, ஈ.எஸ்.ஐ. என்று எல்லோரும் அறிந்தது. முதலாளியும் தொழிலாளியும் சந்தா செலுத்த, நோயுற்ற காலத்தில் சிகிச்சையும் ஊதியத்தில் ஒரு பங்கும் கிடைக்கும். சிறந்த திட்டமே. ஆனால் ஆலையில் பெயர் பதிந்து வேலை செய்வோரை எண்ணி அது வரையப்பட்டது. மரக்காணம் உப்பளத்தில் கோடை வெயிலில் அன்றாடக் கூலிக்கு உப்பு வாரும் பெண்ணை அது எட்டவில்லை. உப்பின் வெண்மையில் கண் கூசுகிறது. உவர்நீரில் நின்று கால் வெடிக்கிறது. ஒதுங்க இடமின்மையால் தண்ணீர் குடிப்பதைக் குறைக்க, சிறுநீர்த் தொல்லை வருகிறது. மழை வந்துவிட்டால் வேலையும் இல்லை. இத்தகையோருக்குக் காப்பீடு வேண்டும் என்று அரசு எண்ணுவதற்கு மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின.

1986இல் அரசுத் துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் ‘மெடிகிளைம்’ என்னும் பாலிசியை அறிமுகம் செய்தன. பிரீமியம் செலுத்த வசதியுள்ளோரே அதில் சேர்ந்தனர். 2009 ஜூலையில் தமிழக அரசு கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. நல வாரியங்களில் பதிந்தவர்களும், ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்தாரும் அதில் சேர்க்கப்பட்டனர்; நான்கு ஆண்டுகளுக்கு ஒரு குடும்பத்திற்கு 1 இலட்சம் ரூபாய். பிரீமியத்தை அரசே செலுத்தியது. ஆட்சி மாறியபின் 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாற்றி அமைக்கப்பட்டது. 2018இல் மத்திய அரசின் பிரதமர் ஜன் ஆரோக்கிய யோஜனாவுடன் இணைக்கப்பட்டபின் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் என உயர்ந்தது. 2022இல் வருமான வரம்பு 1,20,000 ரூபாய் ஆயிற்று. பெயரும் கட்சியும் மாறினும் திட்டம் நிலைத்ததை நாம் பெரிதாக மதிக்கிறோம்.

இத்திட்டத்தைப் பற்றி இரு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. அட்டையைக் காட்டினால் எந்த மருத்துவமனையிலும் எந்த நோய்க்கும் இலவசம் என்பது ஒன்று. திட்டத்தில் சேர்க்கப்பட்ட மருத்துவமனையில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பெரும்பாலும் பயன் கிடைக்கும். அவசர நிலை நீங்கலாக, சிகிச்சைக்கு முன் காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலை மருத்துவமனை பெறவேண்டும். எனவே சேரும்போதே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டுவது அவசியம். பணம் கட்டி முடித்தபின் காட்டிப் பயனில்லை. அரசு மருத்துவமனையில் எப்படியும் இலவசம்தானே, அட்டை எதற்கு என்பது மற்றொன்று. அங்கும் அட்டையைப் பதிந்தால் காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே போய்ச் சேர்ந்து, கருவிகளுக்கும் பராமரிப்புக்கும் பயன்படுகிறது. அட்டை கொண்டுசெல்லும் ஏழை அங்கே வருவாய் கொண்டுசெல்கிறார்.

சாலை விபத்துக்கு வேறொரு ஏற்பாடு உண்டு. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, அட்டை இருப்பினும் இல்லாவிடினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம். கிழக்குக் கடற்கரைச் சாலையை அன்றாடம் கடக்கும் நம் பிள்ளைகள் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

இனி, மார்க்க அடிப்படையில் எழும் தயக்கம். 1985இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, நிலையான பிரீமியம் கொண்ட வணிகக் காப்பீட்டில் ‘கரர்’ எனும் நிச்சயமின்மை மிகுந்திருப்பதால் அது கூடாதென்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடு கூடுமென்றும் முடிவு செய்தது. ‘தகாஃபுல்’ என்னும் முறைக்கு இது வலுவூட்டியது. நாம் மேலே விவரித்த அரசுத் திட்டத்திலோ பயனாளி பிரீமியம் செலுத்துவதில்லை. பொதுக் கருவூலம் செலுத்துகிறது. வணிகக் காப்பீடு குறித்த விவாதத்தை இதன்மேல் ஏற்றி, தகுதியுள்ள ஏழையைத் தடுப்பது முறையன்று என்பதே எம் கருத்து. தனியார் பாலிசி எடுப்பது பற்றி ஐயமுடையோர் ஆலிம் பெருமக்களிடம் கேட்டுத் தெளிக. எடுப்போர், முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் எவ்வளவு என்பதைக் கையொப்பமிடுமுன் படித்தறிதல் நன்று. 2024 முதல் அது மூன்று ஆண்டுகளுக்கு மேற்படலாகாது.

அட்டை பெறக் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவை வேண்டும். அவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு அட்டை மையத்திற்குச் செல்லவேண்டும். பெரும்பாலோர் தடுமாறுவது குடும்ப அட்டையில்தான். நிக்காஹ் முடிந்த பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டுக் குடும்ப அட்டையிலிருந்து நீக்கிவிட்டு, புகுந்த வீட்டு அட்டையில் சேர்க்காமல் விட்டுவிடுகின்றனர். கணவரை இழந்து பெற்றோரிடம் திரும்பிய சகோதரிகளின் நிலையும் அதுவே. எந்த அட்டையிலும் பெயரில்லாதவருக்குக் காப்பீடும் இல்லை. துண்டேந்தி வசூல் தொடங்குமுன், நோயாளியின் பெயர் எந்த அட்டையில் உள்ளது என்று விசாரிப்பதை ஜமாஅத் நிர்வாகம் முதல் வேலையாகக் கொள்ளவேண்டும். திட்டம் குறித்த விவரங்களுக்குக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993. ஆண் துணையற்ற வீடுகளுக்கான விண்ணப்பங்களை எழுதித்தரப் படித்த இளைஞர்கள் முன்வருவார்களாயின், மஃரிபுக்குப் பின் பள்ளிவாசல் அலுவலகத்தில் தம் பெயரைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.