இடாப்பும் தண்டமும்

“நாங்கள் என்ன களவே எடுத்தனாங்கள், ஒளிக்கிறதுக்கு?” தரவுப் பாதுகாப்பு, அந்தரங்கம் என்று கதையைத் தொடக்கினால் எங்கடை சனம் சொல்லுகிற முதல் வசனம் இதுதான். 2025 யூன் மாதம் வொடபோன் கொம்பனிக்கு யேர்மனியின் தரவுப் பாதுகாப்பு ஆணையாளர் 45 மில்லியன் யூரோ தண்டம் அடித்த செய்தி வந்தபோது எங்கள் குசினிக்குள்ளும் அதே வசனம். “உவங்களுக்கு வேறை வேலையில்லை” என்றார் ஒருவர். “உந்தக் காசு ஆற்றை பொக்கற்றுக்குள்ளை போகுது?” என்றார் இன்னொருவர். (அரச திறைசேரிக்குத்தான் அண்ணை.)

அந்த 45 இல் 15 மில்லியன், கொம்பனிக்காக ஒப்பந்தம் பிடித்துக் கொடுத்த முகவர்களைச் சரியாகக் கண்காணிக்காததற்கு. அவர்களில் சிலர் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே பொய் ஒப்பந்தம் எழுதியிருக்கிறார்கள். மிச்சம் 30 மில்லியன், இணையக் கணக்கிலும் தொலைபேசிச் சேவையிலும் இருந்த ஓட்டைகளுக்கு. அந்த ஓட்டைகளால் உங்கள் இலக்கத்தின் இ-சிம்மை வேறு ஒருவன் எடுக்கலாம். இலக்கம் அவன் கைக்குப் போனால் வங்கிக் கணக்குக்கும் வழி திறக்கலாம். களவெடுக்காதவனுக்கும் இது வரும், பாருங்கோ.

ஆனால் நான் எழுத வந்தது வொடபோனைப் பற்றியல்ல. யேர்மன்காரன் ஏன் இந்த விசயத்தில் இவ்வளவு பயப்பிடுகிறான் என்பதைப் பற்றி. கனகாலம் நானும் இதை ஒரு வியாதி என்றுதான் நினைத்திருந்தேன். வாசிக்க வாசிக்கத்தான் விளங்கியது, இது எங்களுக்கும் நன்றாகத் தெரிந்த பயம் என்று.

1939 மே 17 இல் ஹிட்லரின் அரசு ஒரு குடித்தொகைக் கணக்கெடுப்பு நடத்தியது. அதோடு தனியாக ஒரு அட்டை கொடுத்தார்கள். உன்னுடைய தாத்தா பாட்டி நான்கு பேரில் யார் யார் யூதர் என்று அதில் எழுதவேண்டும். எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்கலாம், இரகசியம் காக்கப்படும் என்றார்கள். அதற்கு முதல், 1933 கணக்கெடுப்பை எண்ணிக் கொடுத்தது ஐபிஎம்மின் யேர்மன் கிளையான டெஹோமாக், துளையிட்ட அட்டைகளை வாசிக்கிற இயந்திரங்களால். பிறகு ஆட்களை வண்டியேற்றிய வேலைக்கு எந்தப் பட்டியல் எவ்வளவு உதவியது என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பட்டியல் இல்லாமல் அந்த வேலை நடக்கவில்லை என்பதில் வாதம் இல்லை.

போர் முடிந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1970 இல், நான் இப்போது இருக்கிற இதே ஹெஸ்ஸன் மாநிலம் உலகத்தின் முதலாவது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கணினி என்றால் ஒரு அறை நிறைய நிற்கிற இயந்திரம் என்றிருந்த காலம். அந்தச் சட்டத்தின் பின்னால் நின்ற முக்கியமான ஆள் ஒரு வெளிநாட்டுக்காரர். ஸ்பிரோஸ் சிமிட்டிஸ், ஏதென்ஸில் பிறந்து, இங்கே சட்டம் படிக்க வந்து, பிராங்பேர்ட்டில் பேராசிரியர் ஆனவர். 1975 இலிருந்து 1991 வரை ஹெஸ்ஸனின் தரவுப் பாதுகாப்பு ஆணையாளராகவும் இருந்தார். (தம்பி பின்னாளில் கிரேக்கத்தின் பிரதமர்.) 2023 இல் காலமானார். எங்கடை பிள்ளைகளுக்கு டாக்குத்தர், எஞ்சினியர் என்று மட்டும் சொல்லிக் கொடுக்கிற நாங்கள் இப்படி ஒரு மனிதரையும் சொல்லிக் கொடுக்கலாம்.

பிறகு 1983. அந்த ஏப்ரல் 27 இல் மேற்கு யேர்மனியில் குடித்தொகைக் கணக்கெடுப்பு நடக்க இருந்தது. சனம் வீதிக்கு இறங்கியது. ஹம்பேர்க்கைச் சேர்ந்த இரண்டு பெண் வழக்கறிஞர்கள் உட்படப் பலர் கார்ல்ஸ்ரூவில் உள்ள அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார்கள். கணக்கெடுப்புக்கு இரண்டு கிழமை இருக்க நீதிமன்றம் அதை நிறுத்தியது. டிசம்பர் 15 இல் முழுத் தீர்ப்பு வந்தது. தன்னைப் பற்றிய தகவலை யாருக்கு, எதற்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கிற உரிமை முதலில் அந்த மனிதனுக்கே என்றது. தன்னைப் பற்றி யார் என்ன குறித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியாதவன் ஒரு கூட்டத்துக்குப் போகவும் பயப்படுவான், அது சனநாயகத்துக்கே கேடு என்று நீதிபதிகள் எழுதினார்கள்.

இதை வாசித்தபோது நான் அந்த ஆண்டில்தான் நின்றுவிட்டேன். 1983! அதே ஆண்டு யூலையில் கொழும்பில் காடையர்கள் எங்கடை சனத்தின் வீடுகளைத் தேடிவந்தது எதைக் கையில் வைத்துக்கொண்டு? வாக்காளர் இடாப்பு. எந்த வீட்டில் தமிழன், எந்த வீட்டில் சிங்களவன் என்று வாசித்து வாசித்துக் கொளுத்தினார்கள். நான் அப்போது கைக்குழந்தை, யாழ்ப்பாணத்தில். வெள்ளவத்தையில் இருந்த பெரியம்மா கப்பலில் வந்து இறங்கியபின் திரும்பத் திரும்பச் சொன்னது தீயைப் பற்றியல்ல. “அவங்களிட்டை எங்கடை பேர் இருந்தது பிள்ளை, அச்சடிச்ச கடதாசியிலை” என்பதைத்தான். வோட்டுப் போடுவதற்காக நாங்களே கொடுத்த பெயர். களவெடுத்த பெயரல்ல.

2006 இல் யாழ்ப்பாணத்தில் பாதை பூட்ட என் பல்கலைக்கழகப் படிப்பும் பூட்டியது. அடுத்த ஆண்டு கொழும்பில் லொட்ஜில் நின்றவனுக்கு, பொலிஸ் பதிவுத் துண்டு என்றால் என்னவென்று ஆரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 2007 யூன் 7 விடியப்புறம் லொட்ஜுகளில் இருந்து 376 தமிழரை பஸ்களில் ஏற்றி வெளியேற்றினார்களே, எந்த லொட்ஜில் யார் என்பது ஏற்கெனவே பதிவில் இருந்தது. அடுத்தநாள் உயர்நீதிமன்றம் தடுத்தது, அது வேறு. இலங்கையில் 2022 இல்தான் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று நிறைவேறியது.

சரி, தண்டத்துக்கு வருவோம். சட்டம் 1970 இலேயே வந்தாலும் அதற்குப் பல் முளைக்க நெடுங்காலம் எடுத்தது. கூகிள் கார்கள் தெருத் தெருவாகப் படம்பிடித்துத் திரிந்தபோது, வீடுகளின் வைபை வழியாகப் போன மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது 2010 இல் வெளிவந்தது. ஹம்பேர்க்கின் ஆணையாளர் யோகன்னஸ் காஸ்பர் விடாமல் கேட்டிருக்காவிட்டால் அது வெளியே வந்திராது. 2013 இல் அவர் அடித்த தண்டம் 145,000 யூரோ. சட்டம் அனுமதித்த உச்சமே 150,000 தான். கூகிளின் 2012 வருமானம் கிட்டத்தட்ட 50 பில்லியன் டொலர். கணக்குப் பார்த்தேன். தண்டம் அவர்களுக்கு இரண்டு நிமிட வருமானம். நான் ஒரு பிற்சாவை அடுப்பில் வைத்து எடுக்கிற நேரத்துக்குள் முடிந்துவிடும்.

2018 மே 25 இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்தபின்தான் கதை மாறியது. 20 மில்லியன் யூரோ, அல்லது உலகம் முழுவதுமான ஆண்டு வருமானத்தில் 4 வீதம், எது கூடவோ அதுவரை தண்டம் போடலாம். 2023 இல் பேஸ்புக்கின் தாய்க் கொம்பனி மெற்றாவுக்கு அயர்லாந்தில் 1.2 பில்லியன். யேர்மனியில் 2019 இல் 1&1 கொம்பனிக்கு 9.55 மில்லியன். பெயரையும் பிறந்த தேதியையும் சொன்னாலே தொலைபேசியில் மற்றவரின் விபரத்தைக் கொடுத்தார்கள் என்பது குற்றம். (பிறந்தநாள் வாழ்த்தை வானொலியில் சொல்லி முழு ஐரோப்பாவுக்கும் அறிவிக்கிற எங்கடை சனத்துக்கு இது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கோ.) அடுத்த ஆண்டு பொன் நகர நீதிமன்றம் அதை 900,000 ஆகக் குறைத்தது. பெரிய இலக்கம் பத்திரிகையில், சின்ன இலக்கம் நீதிமன்றத்தில். இதுவும் வழக்கம்தான்.

என்னைப் போன்ற தொழிலாளிக்கு உறைத்தது வேறொன்று. துணி விற்கிற எச் அண்ட் எம், 2020 இல் 35.3 மில்லியன். நூர்ன்பேர்க்கில் உள்ள அவர்களின் சேவை நிலையத்தில், வருத்தம் என்று நின்றுவிட்டு வேலைக்குத் திரும்புகிறவரை மேலாளர் கூப்பிட்டு அன்பாகக் கதைப்பார். என்ன வருத்தம், வீட்டில் என்ன பிரச்சினை, என்ன சமயம். பிறகு எல்லாவற்றையும் எழுதி வைப்பார். 50 மேலாளர்கள் வரை அதை வாசிக்கலாம். 2019 இல் கணினியில் நடந்த ஒரு பிழையால் சில மணிநேரம் கொம்பனி முழுவதுக்கும் அது திறந்து கிடந்தபடியால்தான் பிடிபட்டது. தண்டத்தோடு தொழிலாளருக்கும் நட்டஈடு கொடுக்க வேண்டி வந்தது.

இவ்வளவு நல்ல சட்டம் வைத்திருக்கிற நாட்டிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. கொம்பனிக்குத் தண்டம் அடிக்கிறாய், சரி. அரசின் கையில் இருக்கிற பட்டியல்? கொலோனில் வெளிநாட்டவர் மத்திய பதிவேடு 1953 இலிருந்து இருக்கிறது. அதற்கென்று ஒரு சட்டம் வந்ததோ 1994 இல், அந்தப் புகழ்பெற்ற தீர்ப்புக்கும் பத்து வருடம் கழித்து. இப்போது இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் அதில் உண்டு. 2008 இல் ஒரு ஒஸ்ரியாக்காரர் வழக்குப் போட்டு, குற்றத்தடுப்பு என்ற பெயரில் ஐரோப்பிய ஒன்றியப் பிரசைகளின் விபரத்தை மட்டும் இப்படிச் சேர்ப்பது பாரபட்சம் என்று ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்றார். எங்களுக்கு அந்த வெற்றியில் பங்கில்லை. நாங்கள் மூன்றாம் நாட்டுக்காரர். 2003 இலிருந்து அகதி விண்ணப்பம் கொடுக்கிறவரின் பத்து விரலும் யூரோடாக்கில் விழுகிறது. முதலில் 14 வயதுக்கு மேற்பட்டவர்களிடம்தான் எடுத்தார்கள். 2024 இல் நிறைவேறிய புதிய விதி அதை 6 வயதாக்கியிருக்கிறது.

இருந்தாலும் கேட்டுப் பார்க்கிற உரிமை எங்களுக்கும் உண்டு. கொலோனில் என் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டு நானும் போன கிழமை கடிதம் போட்டிருக்கிறேன். மறுமொழி வந்தால் இங்கே எழுதுகிறேன், என் பிறந்த தேதியை மட்டும் மறைத்துவிட்டு.