பிண ஆலைச் செய்தி

பத்திரிகைச் செய்தியைப் பற்றி நம்மவரிடையே இரு சாரார் உளர். அச்சிற் கண்ட அனைத்தும் மெய்யெனக் கொள்வோர் ஒரு சாரார்; அனைத்தும் பொய்யெனத் தள்ளுவோர் மற்றொரு சாரார். பின்னவரே இக்காலத்தில் அறிவாளிகள் என மதிக்கப்படுகின்றனர். அம்மதிப்புத் தகுமா என்பதை, நேயர்களே, இரு உலகப் போர்களையும் தொடர்புபடுத்தும் ஒரு வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

1917ஆம் ஆண்டு ஏப்பிரல் 10ஆந் திகதி பேர்லின் பத்திரிகையொன்றில் போர்முனை நிருபர் ஒருவரின் சிறு குறிப்பு வெளியாயிற்று. பிரான்சிலே, றீம்ஸ் நகருக்கு வடக்கே, தாம் சென்ற வழியில் துர்நாற்றம் வீசியதென்றும், 'கடாவர்'களை உருக்கிக் கொழுப்பெடுக்கும் ஆலையிலிருந்து அது வந்ததென்றும் அவர் எழுதினார். ஜேர்மன் மொழியில் அச்சொல் பொதுவாக விலங்கின் உடலையே குறிக்கும். ஆங்கிலத்திலோ அதே வடிவுடைய சொல் மனிதப் பிணத்தைச் சுட்டுவது. ஏப்பிரல் 17ஆந் திகதி இலண்டன் 'டைம்ஸ்', 'டெய்லி மெயில்' ஆகிய இரு பத்திரிகைகளும், ஜேர்மனியர் தம் போர்வீரரின் பிணங்களையே உருக்கி எண்ணெயும் பன்றித் தீனியும் ஆக்குகின்றனர் என வெளியிட்டன. இரண்டும் நோர்த்கிளிஃப் பிரபு ஒருவரின் உடைமைகளே. வேண்டுமென்றே திரித்தனரா, சொல்லில் மயங்கினரா என்பதில் வரலாற்றாசிரியர் இன்றும் ஒருமைப்படவில்லை.

அம்மாத இறுதியிற் பாராளுமன்றத்தில் இதுபற்றிக் கேள்வி எழுந்தது. பத்திரிகையில் வந்ததற்கு மேலாக அரசிடம் தகவல் எதுவுமில்லை என்றார் றொபேட் செசில் பிரபு. ஆயினும் ஜேர்மன் படையினரின் பிற செயல்களை நோக்கின் இதில் நம்பமுடியாதது எதுவுமில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். கண்டவர் யார் என்று வினவவேண்டிய இடத்தில், செய்யக்கூடியவர்தாமே என்று விடை கூறப்பட்டது.

போர் முடிந்து ஏழாண்டுகளின் பின், 1925ஆம் ஆண்டு டிசெம்பரில், அக்கதைக்கு ஆதாரம் ஏதும் இருந்ததில்லை என்ற ஜேர்மன் அரசின் கூற்றைத் தாம் ஏற்பதாக வெளிநாட்டமைச்சர் ஒஸ்ரின் சேம்பர்லேன் அதே மன்றத்தில் அறிவித்தார். போர்க்காலப் பொய்களைத் தொகுத்து ஆதர் பொன்சன்பி 1928இல் ஒரு நூலே வெளியிட்டார். ஏமாற்றப்பட்ட வாசகர்கள் சினந்தனர், சினந்தது நியாயமே. ஆனால் அச்சினத்திலே பொய்யோடு மெய்யும் அடித்துச் செல்லப்பட்டது. 1914ஆம் ஆண்டு ஓகஸ்டில் பெல்ஜியத்தின் டினாந் நகரில் ஜேர்மன் படையினர் 674 குடிமக்களைக் கொன்றது கட்டுக்கதையன்று. லூவேன் பல்கலைக்கழக நூலகம் எரிக்கப்பட்டதும் கட்டுக்கதையன்று. அவற்றையும் பலர் 'பிரசாரம்' என ஒதுக்கினர்.

இதன் விலையைச் செலுத்தியவர்கள் பொய்யை அச்சிட்டவர்களல்லர்.

1942ஆம் ஆண்டு யூன் 25ஆந் திகதி இலண்டன் 'டெய்லி ரெலிகிறாவ்', போலந்தில் ஏழு இலட்சம் யூதர் கொல்லப்பட்டுவிட்டனர் என்றும், நச்சுவாயு பயன்படுத்தப்படுகின்றது என்றும் எழுதியது. போலந்திலிருந்து மறைவாக அனுப்பப்பட்ட அறிக்கை அதற்கு ஆதாரம். ஹெல்ம்னோ முதலிய இடங்களைப் பெயர் சுட்டி, தொகைகளையும் குறித்த அறிக்கை அது. ஆராய விரும்புவோர்க்குப் பிடி கொடுத்த சான்று. இம்முறை பத்திரிகை பிழையாக எழுதவில்லை. எனினும் செய்தி வந்ததோ ஐந்தாம் பக்கத்தில். அவ்வறிக்கையைப் பெற்றுப் பரப்பிய ஷ்முல் சிகில்போய்ம் இலண்டனில் இருந்த போலந்துத் தேசிய சபையின் உறுப்பினர். அவ்வாண்டு டிசெம்பர் 17ஆந் திகதி நேச நாடுகள் இக்கொலைகளைக் கூட்டாகக் கண்டித்தன. பாராளுமன்றத்தார் எழுந்து மௌன அஞ்சலி செலுத்தினர். ஆனால் கொலைகள் நிற்கவில்லை. உலகம் வாளாவிருத்தலைக் கண்டித்து 1943ஆம் ஆண்டு மே மாதத்தில் சிகில்போய்ம் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவ்வாண்டு ஓகஸ்டில், போலந்தில் நடந்த கொடுமைகள் குறித்து மற்றொரு பிரகடனம் வெளியிட ஆயத்தங்கள் நடந்தன. பிரித்தானிய உளவுத்துறைக் கூட்டுக்குழுவின் தலைவரான கவென்டிஷ் பென்டிங்க், நச்சுவாயுச் செய்திகள் முந்திய போரின் பிணக்கொழுப்புக் கதையைத் தமக்கு நினைவூட்டுகின்றன என்று குறிப்பெழுதினார். அவர் மூடரல்லர், ஒருமுறை சுட்ட பூனை. ஆயினும் 1917இல் நம்பியவர் செய்த தவற்றையே அவரும் செய்தார்: சாட்சியைச் சோதியாமல், செய்தியின் சாயலைக் கொண்டே தீர்ப்பளித்தார். நச்சுவாயு அறைகளைப் பற்றிய சொற்கள் பிரகடனத்திலிருந்து நீக்கப்பட்டன. அவ்வேளையில் ஓஷ்விற்ஸ் முகாமில் அவ்வறைகள் இயங்கிக்கொண்டிருந்தன.