244 பேரும் ஓர் அலியும்

வடசென்னைப் பக்கம் குத்துச்சண்டை பழகும் பையன்களிடம் முகமது அலியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நாக்-அவுட் கணக்குச் சொல்வார்கள். 1980இல் அவர் சென்னைக்கே வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியதைச் சொல்லும் பெரியவர்களும் உண்டு. வியத்நாம் போருக்குப் போகமாட்டேன் என்றதும் பட்டத்தைப் பிடுங்கிட்டாங்க என்பது வரைக்கும் பலருக்குத் தெரியும். எந்தச் சட்டத்தைச் சொல்லிப் பிடுங்கினார்கள், அதே சட்டம் மற்றவர்களிடம் எப்படி நடந்துகொண்டது என்பதை நாம் பேசியதில்லை. பேச வேண்டியதே அதுதான்.

1967 ஏப்ரல் 28. ஹூஸ்டன் நகரில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் இடம். பெயரைக் கூப்பிட்டால் ஓரடி முன்னால் வர வேண்டும். அலி நின்ற இடத்திலேயே நின்றார். அன்றைக்கே நியூயார்க் மாநில அத்லெடிக் கமிஷன் அவருடைய உரிமத்தை நிறுத்தியது, அவர் இனி சாம்பியன் இல்லை என்றது. குத்துச்சண்டையின் நலனுக்கு அவர் கேடாம். கவனியுங்கள், அப்போது அவர்மீது குற்றச்சாட்டுகூடப் பதிவாகவில்லை. வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி அவரைக் குற்றவாளி என்றது ஜூன் 20இல்தான். 5 வருடச் சிறை, 10,000 டாலர் அபராதம். மேல்முறையீட்டில் ஜாமீன் கிடைத்ததால் ஜெயிலுக்குப் போகவில்லை. ஆனால் மற்ற மாநிலங்களும் கதவை மூடின. பாஸ்போர்ட்டும் போயிற்று, வெளிநாட்டில் போய் ஆடவும் வழியில்லை. வயது 25. உடம்பை நம்பிப் பிழைக்கிறவனுக்கு அந்த வயதில் மூன்றரை வருடம் என்றால் என்ன அர்த்தம் என்று கூலி வேலை செய்கிறவனிடம் கேளுங்கள், சொல்வான்.

உரிமை பிறப்போடு வருவது. உரிமம் ஆபீசர் கையெழுத்தோடு வருவது. தமிழில் இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பது ஒரு வேடிக்கை.

1969இல் அலி மறுபடியும் நியூயார்க்கில் உரிமம் கேட்டார். தண்டனை பெற்றவர், தரமுடியாது என்றது கமிஷன். சரி, தண்டனை பெற்றவர்களுக்கு நீங்கள் உரிமமே தந்ததில்லையா? அலியின் வழக்கறிஞர்கள் கேட்டது இந்த ஒரு கேள்விதான். கறுப்பர் உரிமைக்காக வழக்காடிவந்த அமைப்பின் வக்கீல்கள் அவர்கள். கமிஷனின் பதிவேடுகளையே எடுத்து, ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே போனார்கள். குற்றத் தண்டனையோ ராணுவத் தண்டனையோ பெற்றவர்களுக்கு உரிமம் தந்த, புதுப்பித்த, திருப்பிக்கொடுத்த நிகழ்வுகள் குறைந்தது 244 அகப்பட்டன. அதில் 94 பேர் ஒரு வருடத்துக்கு மேல் சிறைவைக்கத்தக்க பெருங்குற்றம் செய்தவர்கள். கொலை, வன்புணர்ச்சி, ஆயுதக் கொள்ளை, தீவைப்பு எல்லாம் பட்டியலில் இருக்கிறது. ராணுவத்தை விட்டு ஓடியவன், அதிகாரியைத் தாக்கியவனும் இருக்கிறான். ராணுவத்தில் அதிகாரியை அடித்துவிட்டு உள்ளே போய்வந்த வெள்ளைக்காரர் ராக்கி கிராசியானோ 1947இல் உலக சாம்பியனாகவே ஆனார் என்பது அந்தக் காலத்தில் ஊரறிந்த கதை.

1970 செப்டம்பர் 14இல் ஃபெடரல் நீதிபதி வால்டர் மான்ஸ்ஃபீல்ட் தீர்ப்புச் சொன்னார். இது வேண்டுமென்றே செய்த, காரணமற்ற பாகுபாடு, சட்டத்தின் முன் சமம் என்ற 14ஆம் திருத்தத்துக்கு எதிரானது, உரிமத்தைக் கொடு என்றார்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அந்த 244இல் கறுப்பர்களும் இருந்திருப்பார்கள். அப்படியானால் இதை நிறவெறி என்று மட்டும் சொல்லி முடிக்க முடியாது. கொள்ளையடித்துவிட்டு வந்த கறுப்பனை மன்னிக்க அந்த அதிகாரத்துக்குத் தெரியும். தன் பெயரை மாற்றிக்கொண்டு, மதத்தை மாற்றிக்கொண்டு, முடியாது என்று நிமிர்ந்து சொன்ன கறுப்பனை மன்னிக்கத்தான் தெரியவில்லை. சேரிப் பையன் குடித்துவிட்டு விழுந்துகிடந்தால் சகித்துக்கொள்ளும் ஊர், அவன் செருப்புப் போட்டு நடந்தால் ஏன் கொதிக்கிறது என்பது நமக்குப் புரியாததா?

இதற்கு முன்மாதிரி உண்டு. ஜாக் ஜான்சன், அடிமைகளாக இருந்த பெற்றோரின் மகன், 1908இல் சிட்னியில் முதல் கறுப்பு ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர். 1910இல் ரீனோவில் வெள்ளையர்களின் நம்பிக்கையான ஜெஃப்ரிஸையும் வீழ்த்தினார். நாடெங்கும் கறுப்பர்கள்மீது பாய்ந்தார்கள், பலர் செத்தார்கள். வளையத்தில் முடியாததைக் கோர்ட்டில் முடித்தார்கள். பெண்களை விபசாரத்துக்குக் கடத்துவதைத் தடுக்க 1910இல் வந்த மான் சட்டத்தை, வெள்ளைத் தோழியோடு பயணம்போன குற்றத்துக்காக 1913இல் அவர்மீது பாய்ச்சினார்கள். ஒரு வருடமும் ஒரு நாளும் சிறை. அந்தச் சட்டத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? வெள்ளை அடிமை வியாபாரச் சட்டம்! அடிமையின் மகன்மேல். நாட்டைவிட்டு ஓடி, 1920இல் திரும்பிவந்து சரணடைந்து, சிறையிருந்தார். மன்னிப்பு 2018இல் வந்தது. அவர் செத்து 72 வருடம் ஆகியிருந்தது.

அலி உயிரோடிருக்கும்போதே ஜெயித்தார். 1971 ஜூன் 28இல் உச்ச நீதிமன்றம் 8-0 என்று தண்டனையை ரத்துசெய்தது. அங்கிருந்த ஒரே கறுப்பு நீதிபதி தர்குட் மார்ஷல் அதில் கலந்துகொள்ளவில்லை. வழக்கு தொடங்கியபோது அரசுத் தரப்பு வழக்கறிஞராக இருந்தவர் என்பதால் விலகிக்கொண்டார். அதற்கு முன்பே, 1970 டிசம்பர் 7இல், அலி நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆஸ்கர் பொனவேனாவோடு மோதினார். உரிமம் தந்தது அதே கமிஷன்தான்.