ஒலிகொண்டு நீரளந்த வரலாறு

பாகான் நக்கோடா ஓமார் சிலாங்கூர் மாநிலத்தின் வடமேற்குக் கரையில், மலாக்கா நீரிணையை நோக்கி அமைந்துள்ள சிற்றூர். மலாய் மொழியில் 'பாகான்' என்பது படகுத் துறை. 'நக்கோடா' என்பது மரக்கலத் தலைவன். பின்னது பாரசீகத்திலிருந்து வந்த சொல். தமிழில் 'நாகுதா' என வழங்கியதும் அதுவே. மரக்கலத் தலைவன் ஒருவன் பெயரைத் தாங்கிய இவ்வூரைச் சூழ்ந்த நிலம் மிகத் தாழ்ந்தது; மிகச் சமமானது. கடற்கரைக் கரைகளும், கடல் ஏறும்போது மூடி இறங்கும்போது திறக்கும் மதகுக் கதவுகளும், இடைவிடாது தூர்வாரப்படும் வடிகால்களும் இல்லையெனில் இங்குத் தென்னையும் இல்லை, செம்பனையும் இல்லை, நெல்லும் இல்லை. தோட்டத்துத் தமிழர் 'கான்' என்று வழங்கும் இவ்வடிகால்களை வெட்டியும் தூர்வாரியும் காத்த உழைப்பில் தமிழ்த் தொழிலாளர்க்கும் பங்குண்டு.

இத்தகைய கரையில் நீரின் போக்கு விந்தையானது. நாள்தோறும் இருமுறை கடல் ஏறி இறங்குகிறது. ஆற்றுமுகத்து நீர் ஒருபொழுது கடலை நோக்கி ஓடும், ஒருபொழுது நிற்கும், பின்னர் வந்த வழியே திரும்பும். இவ்வாறு ஓடும் நீர் எவ்வளவு என்று அளப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு மனிதன் விடைகண்ட வரலாறு நெடியது.

நீரை அளக்கும் தேவை வேளாண்மையோடு பிறந்தது. தமிழகத்து ஏரிப் பாசனத்தில் மதகின் திறப்பும், முறை வைத்து நீர் பாய்ச்சும் நேரமுமே பங்கீட்டுக்கு அடிப்படையாயின. ஒரே மடையில் ஒரே நேரம் பாயும் நீர் எல்லா நாளும் ஒரே அளவினது அன்று; ஏரியில் நீர்மட்டம் உயர்ந்திருந்தால் விரைந்து பாயும்; தாழ்ந்திருந்தால் தளர்ந்து பாயும். கடைமடை உழவன் இதனைப் பட்டறிந்தவன்.

உரோமாபுரியிலும் இக்குறை இருந்தது. கி.பி. 97ஆம் ஆண்டு அந்நகரின் நீர் வழங்கும் துறைக்குத் தலைவரான பிராண்டைனஸ், குழாய்களின் வாயளவைக் கொண்டே நீரைக் கணக்கிட்டார். வேகத்தால் அளவு மாறும் என்பதை அவர் உணராதவர் அல்லர். ஆயினும் அவ்வேகத்தை அளக்கும் வழி அவரிடம் இல்லை. தொடக்கத்தில் புகுந்த நீரும் முடிவில் கிடைத்த நீரும் ஒவ்வாமை கண்டு, திருட்டும் ஏமாற்றும் நடந்தன என்று எழுதினார். திருட்டு இருந்தது உண்மையே. ஆனால் வேகத்தைச் சேர்க்காத கணக்கில், திருட்டு எவ்வளவு, கணக்கின் குறை எவ்வளவு என்று பிரித்தறிய இயலாது. அளவு பிழைபடும் இடத்தில் பழி ஆளின்மேல் விழும் என்பதற்கு இது பழமையான சான்று.

கலிலியோவின் மாணாக்கரான பெனதெத்தோ காஸ்தெல்லி என்னும் துறவி 1628ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், ஓடுநீரின் அளவு அதன் குறுக்குப் பரப்பையும் வேகத்தையும் பெருக்கிவருவது என்று தெளிவுபடுத்தினார். அதன்பின் வேகத்தை அளக்கும் கருவிகள் தோன்றலாயின. 1732இல் பிரான்சு நாட்டுப் பீத்தோ, வளைந்த கண்ணாடிக் குழாயை ஆற்றில் நிறுத்தி, அதனுள் நீர் ஏறும் உயரத்தால் வேகத்தைக் கண்டார். 1790இல் ஜெர்மானியரான வோல்ட்மான், நீரில் சுழலும் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணி வேகம் காணும் கருவியை விளக்கினார். குறுக்கே தடுப்புக் கட்டி, அதன்மேல் வழியும் நீரின் உயரத்தை அளப்பதும் வழக்கமாயிற்று.

இவை யாவும் நல்ல கருவிகளே. ஆயினும் தாழ்ந்த கடற்கரைக்கு இவை பொருந்துவது அரிது. தடுப்பின்மேல் வழிந்து விழ நீருக்குச் சரிவு வேண்டும். சமநிலத்தில் அச்சரிவு இல்லை. சுழலும் சக்கரத்தில் பாசியும் குப்பையும் சிக்கும். மெல்ல ஊரும் நீர் அதனைச் சுழற்றவும் மாட்டாது.

இங்குக் கைகொடுத்தது ஒலி. இதன் அடிப்படையோ மரக்கலத் தலைவர்கள் பழங்காலந்தொட்டு அறிந்த கணக்கு. ஒரு படகு 12 கிலோமீட்டர் தொலைவை நீரோட்டத்தோடு ஒரு மணி நேரத்திலும், எதிர்த்து இரண்டு மணி நேரத்திலும் கடக்கிறது எனக் கொள்க. போகும் வேகம் மணிக்கு 12. திரும்பும் வேகம் 6. இவற்றின் கூட்டலில் பாதியாகிய 9 படகின் வேகம். கழித்தலில் பாதியாகிய 3 நீரின் வேகம். படகுக்கு மாறாக ஒலியை அனுப்பினால் அதுவே மீயொலி நீரளவி. காதுக்கு எட்டாத மிகை அதிர்வுடைய ஒலியையே மீயொலி என்பர்.

நீருக்குள் ஒலி செல்லும் வேகத்தை 1826இல் கொலாடோனும் ஸ்டூர்மும் ஜெனீவா ஏரியில் அளந்தனர். ஒரு படகிலிருந்து நீருக்குள் தொங்கிய மணியை அடித்த அதே கணத்தில் வெடிமருந்து ஒளிர்ந்தது. தொலைவில் மற்றொரு படகில் இருந்தவர் ஒளிக்கும் ஒலிக்கும் இடைப்பட்ட நேரத்தைக் குறித்தார். விநாடிக்கு 1,435 மீட்டர் என்று விடை கிடைத்தது. 1880இல் ஷாக் கியூரி, பியேர் கியூரி என்னும் உடன்பிறந்தார், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுவதைக் கண்டனர். மின்சாரம் செலுத்தினால் அப்படிகங்கள் அதிரும் என்பதும் அடுத்து விளங்கிற்று. முதல் உலகப் போரின்போது பிரெஞ்சு அறிஞர் லாஞ்செவான், நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியப் படிகத்தால் மீயொலி எழுப்பினார். ஒலியை நீரில் அனுப்பவும் மீளப் பெறவும் வழி பிறந்தது. 1928ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் ஆஸ்கார் ரூட்டன் இம்முறையால் நீரோட்டம் அளக்க உரிமைப் பட்டயம் கோரினார்.

எனினும் கருவி நடைமுறைக்கு வர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. காரணத்தை ஒரு கணக்கால் அறியலாம். 10 மீட்டர் அகலமுள்ள கால்வாயின் இரு கரைகளிலும், ஒன்று மேலாகவும் மற்றொன்று கீழாகவும், 45 பாகைச் சாய்வில் இரு படிகங்கள் பொருத்தப்பட்டுள்ளன. இடைத்தொலைவு 14 மீட்டருக்குச் சற்று மிகும். ஒலி விநாடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில் இதனைக் கடக்க ஆகும் நேரம் விநாடியில் ஆயிரத்தில் ஒன்பதரைப் பங்களவு. நீர் விநாடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடினால், போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு விநாடியைப் பத்து இலட்சமாகப் பகுத்ததில் மூன்று பங்குக்கும் குறைவு! எண்ணம் முன்பே பிறந்துவிட்டது. அதனை நிறைவேற்றும் கடிகாரமே பிறக்கவில்லை. 1950களின் நடுவில் அமெரிக்காவில் நீர்மின் நிலையங்களில் சோதனைகள் நடந்தன. 1960களில் ஜப்பானியர் இதனைத் தொழில்துறைக் கருவியாக்கினர். மின்னணுச் சுற்றுகள் நுட்பமடைந்தபின் இக்கருவி உலகெங்கும் பரவிற்று.

இதில் வியக்கத்தக்க சிறப்பொன்று உண்டு. ஒலியின் வேகம் நிலையானது அன்று. 30 பாகை வெப்பமுள்ள நன்னீரில் அது விநாடிக்கு 1,510 மீட்டர் அளவினது. அதே வெப்பமுள்ள கடல்நீரில் ஏறத்தாழ 1,545 மீட்டர். ஆற்றுமுகத்திலோ நன்னீரும் உவர்நீரும் மாறிமாறி வருகின்றன. அதனால் கணக்கு பிழைபடாதோ எனின், படாது. இரு திசை வேகங்களையும் கண்டு கழிக்கும்போது ஒலியின் வேகம் தானே நீங்கிவிடுகிறது. நீரின் வேகமே எஞ்சுகிறது. நீர் திரும்பி ஓடினால் விடையின் குறி மாறும். திசையும் அதனால் தெரியும். கூட்டலில் பாதியோ ஒலியின் வேகத்தைத் தரும். வெப்பம் மாறாதிருக்க அது உயருமாயின், உவர்நீர் புகுந்ததை அது காட்டிக்கொடுக்கும்.

இதற்கு உடன்பிறப்பான மற்றொரு முறையும் உண்டு. நெருங்கிவரும் ஒலி கூர்மையாகவும் விலகும் ஒலி மந்தமாகவும் கேட்கும் என்னும் கருத்து, 1842இல் ஆஸ்திரியரான டாப்ளர் ஒளியை ஆராய்ந்து கூறிய விதியில் அடங்கும். நீரில் மிதந்துவரும் மண்துகளிலும் குமிழியிலும் பட்டுத் திரும்பும் ஒலியின் மாற்றத்தைக் கொண்டு இம்முறையில் வேகம் காண்பர். முதல் முறைக்குத் தெளிந்த நீர் நன்று. இதற்கோ கலங்கிய நீரே வேண்டும். உடலில் ஓடும் குருதியின் வேகத்தை மருத்துவர் அறிவதும் இவ்வழியாலேயே.

குறை இல்லாத கருவி இல்லை. கரையருகிலும் அடித்தரையிலும் நீர் மெல்ல ஓடும். நடுவில் விரைந்து ஓடும். ஆதலால் பெரிய கால்வாய்களில் பல ஆழங்களில் பல இணைப் படிகங்களை வைப்பர். வண்டலும் குமிழியும் மிகுந்தால் ஒலி சிதறும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒலி தருவது வேகம் ஒன்றையே, பரப்பை அன்று. நீர்மட்டத்தை உடன் அளத்தல் வேண்டும். அடியில் சேறு படிந்து தரை உயர்ந்திருந்தால், வேகத்தை எத்துணை நுட்பமாக அளந்தும் பயனில்லை. தரையை அளந்து திருத்தும் ஆளின் கடமை இன்னும் நீங்கவில்லை.

இவ்வளவு முயற்சி எதற்கு என்று வினவலாம். வடமேற்குச் சிலாங்கூரின் நெல்வயல்கள் கடற்கரையோரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கின்றன. பெர்ணம் ஆற்றில் எடுத்த நீர், ஊட்டுக் கால்வாய் வழியே தெங்கி ஆற்றை அடைந்து, அங்கிருந்து பெருங்கால்வாயில் பிரிந்து வயல்களுக்குச் செல்கிறது. அந்நெடுவழியில் தலைமடையினர் கொண்டது எவ்வளவு, கடைமடையினர் பெற்றது எவ்வளவு என்பது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் விளைவைத் தீர்மானிக்கும் வினா. காவிரியிலும் அதுவே. 2018ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம், பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் வர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நிலைபெறுவதற்கு, அங்கே ஓடிய நீர் இவ்வளவு என்று இரு மாநிலத்தாரும் ஒப்பும் அளவு வேண்டும்.

பங்கீட்டின் நேர்மை அளவின் நேர்மையில் தொடங்குகிறது. பகிர்வது எப்படி என்று எக்கருவியும் சொல்லாது. அது மக்கள் கூடி முடிவு செய்வது. ஆனால் மெய்யான அளவு கையில் இருந்தால், பிராண்டைனஸ் காலத்தைப்போல் கணக்கின் குறைக்காக மடை காப்பவன் பழி சுமக்க வேண்டுவதில்லை.