மார்ல் இராச்சியத்தின் பொம்மை இளவரசி

ஜப்பானில் 1998 டிசம்பர் 17 அன்று முதலாவது பிளேஸ்டேஷன் கருவிக்காக வெளிவந்த வீடியோ கேம். பாத்திரமேற்று ஆடும் வகையைச் சேர்ந்தது. கிஃபு மாகாணத்தைச் சேர்ந்த நிப்பான் இச்சி சாப்ட்வேர் நிறுவனம் இதை உருவாக்கியது. இசை தென்பெய் சாட்டோ. 2000இல் அட்லஸ் நிறுவனம் ‘ராப்சடி: எ மியூசிக்கல் அட்வெஞ்சர்’ என்ற பெயரில் வட அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றது. ஜப்பானுக்கு வெளியே அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 2008இல் நின்டெண்டோ டிஎஸ் என்னும் கையடக்கக் கருவிக்காகத் திருத்தி அமைக்கப்பட்ட பதிப்பு வந்தது. மூலத்தை ஆடியவர்களும் டிஎஸ்ஸில் ஆடியவர்களும் ஒரே விளையாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்ற ஐயம் எழும் அளவுக்கு இரண்டும் வேறுபட்டவை.

முன்னோடிகள்

வீடியோ கேமில் பாட்டுக் கச்சேரி அதற்கு முன்பும் நடந்ததுண்டு. 1994இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி 6’இல் ஒரு முழு ஓப்பரா காட்சி உண்டு, நாயகி பாட வேண்டிய அடுத்த வரியை ஆடுபவர் நினைவில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் அந்தக் காலத்துக் கருவியில் மனிதக் குரலைப் பதிந்து வைக்க இடமில்லாததால் மின்னொலியே குரலாக நின்றது. பிளேஸ்டேஷன் பயன்படுத்திய குறுந்தட்டில் ஏறத்தாழ 650 மெகாபைட் கொள்ளும். பாத்திரங்கள் உண்மையாகவே வாய்திறந்து பாடும் விளையாட்டுக்கு இந்த இடவசதியே வழிவிட்டது. ‘முதல் இசை நாடக விளையாட்டு’ என்று ராப்சடியைச் சொல்வோர் உண்டு. எதை இசை நாடகம் என்று கொள்வது என்பதைப் பொறுத்து இது மாறும் என்பதால், முதன்மையானவற்றுள் ஒன்று என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நலம்.

கதை

கார்னெட் என்னும் பதினாறு வயதுப் பெண் தாத்தாவுடன் ஆரஞ்சு கிராமத்தில் வாழ்கிறாள். பொம்மைகளோடு பேசவும், தன் ஊதுகுழலை இசைத்து அவற்றை இயக்கவும் அவளால் முடியும். உற்ற தோழியான குருரு என்பவளும் பேசும் பொம்மைதான். காட்டில் ஆபத்தில் சிக்கிய கார்னெட்டை நாட்டின் இளவரசன் ஃபெர்டினாண்ட் காப்பாற்ற, அவள் அவன்மேல் மையல் கொள்கிறாள். அவனுக்கு மணப்பெண் தேட நடக்கும் போட்டியில் அவளும் இறங்குகிறாள். எதிரே நிற்பவள் பணக்கார வீட்டுப் பெண் எத்துவால் ரோசன்குவீன். இருவருக்கும் சிறுவயதிலிருந்தே ஆகாது.

இதற்கிடையே மார்ஜோலி என்னும் சூனியக்காரிக்கும் இளவரசன்மேல் ஆசை. அவனைத் தூங்கவைத்துத் தூக்கிப் போய்விடலாம் என்று மந்திரம் ஓதுகிறாள். மந்திரம் பிசகி அவன் கல்லாகிவிடுகிறான். இதைச் செய்தவளே முதலில் பதறுகிறாள். கதையின் மொத்தக் குணமும் இந்த ஓர் இடத்தில் தெரிந்துவிடும்: கெட்டவள் கெட்டவளாக இருப்பதைவிடத் தவறுதலாகக் கெடுதல் செய்பவளாக இருக்கிறாள். அவளுடைய அடியாட்கள் காவ், க்ரௌடியா, மியாவ் மூவரும் வந்து தோற்றுப் போவதற்காகவே படைக்கப்பட்டவர்கள். இளவரசனின் சாபத்தைத் தீர்க்கும் மந்திரக் கற்களைத் தேடி கார்னெட் கிளம்புகிறாள். இளவரசன் இளவரசியை மீட்கும் வழக்கமான கதை இங்கே தலைகீழாகிறது.

வழியில் அவளோடு சேரும் பொம்மைகள் ஒவ்வொன்றுக்கும் நிறைவேறாத ஓர் ஆசை உண்டு. அதை நிறைவேற்றினால் பொம்மைக்குள் இருக்கும் உயிர் விடுதலை பெறும். சிரிப்பும் கும்மாளமுமாக நடக்கும் விளையாட்டில் இந்தக் கிளைக்கதைகள் மட்டும் கண் கலங்க வைப்பவை. கட்டாயமில்லாதவை என்பதால் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். குருரு யார் என்பது கடைசிப் பகுதியில் தெரியவரும்: கார்னெட்டின் இறந்துபோன தாய் ஷெரியின் உயிரே அந்தப் பொம்மைக்குள் இருக்கிறது.

ஆட்டமுறை

மூலப் பதிப்பில் சண்டைகள் கட்டம் போட்ட களத்தில் நடந்தன. ஒவ்வொருவரையும் முறை வரும்போது கட்டம் கட்டமாக நகர்த்தி, எதிரியின் பக்கத்திலோ பின்னாலோ நிறுத்தித் தாக்க வேண்டும். கார்னெட் நேரடியாக அடிப்பதில் பெரிய கெட்டிக்காரி இல்லை. அவள் குழல் ஊதினால் அருகிலுள்ள பொம்மைகளுக்கு வலு ஏறும்; ஊத ஊதச் சேரும் புள்ளிகளைக் கொண்டு சிறப்புத் தாக்குதல் நடத்தலாம். அந்தத் தாக்குதல்கள் எல்லாமே தின்பண்டங்கள். வானத்திலிருந்து ஒரு பான்கேக், வெண்ணெய் ஒழுக, எதிரிக் கூட்டத்தின்மேல் சப்பென்று விழும். அடுத்த கட்டத்தில் புட்டிங் வரும். இரண்டாவது முறை பார்க்கும்போதும் சிரிப்பு வருகிறது. இருபதாவது முறை வருமா என்பது ஆடுபவரைப் பொறுத்தது. தோற்ற அரக்கர்களில் சிலர் ‘நானும் கூட வருகிறேன்’ என்று அணியில் சேர்ந்துகொள்வார்கள்.

கடினம் என்று சொல்ல எதுவும் இல்லை. பத்து மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக முடிந்துவிடும். நிலவறைகளைக் குறித்துக் குறை சொல்லாதவர் அரிது: ஒரே மாதிரியான அறைகளை ஒட்டுப்போட்டுக் கட்டியவை, வரைபடம் இல்லை, எந்த வாசலில் நுழைந்தோம் என்பதே மறந்துபோகும். வரைந்து வண்ணம் தீட்டிய ஊர்க் காட்சிகளின் அழகோடு ஒப்பிட்டால் இந்தச் சலிப்பு இன்னும் எடுப்பாகத் தெரிகிறது.

பாடல்கள்

பேசிக்கொண்டே இருக்கும் பாத்திரம் சட்டென்று பாடத் தொடங்குவது தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவருக்குப் புதிதாகத் தோன்றாது. மேற்கத்திய விமர்சகர்கள் இதற்கு ஒப்பாகத் தேடியது டிஸ்னியின் கார்ட்டூன் படங்களை. கார்னெட் தன் காதலைப் பாடுகிறாள். மார்ஜோலி தன் பெருமையை அடியாட்களின் கோரஸோடு பாடுகிறாள். பாடும் நேரத்தில் ஆடுபவருக்கு வேலை ஒன்றும் இல்லை. தாளத்துக்குப் பொத்தானை அமுக்கும் ‘பரப்பா த ராப்பர்’ 1996இலேயே வந்திருந்தும், அந்த வழியில் ராப்சடி போகவில்லை. கேட்பதற்கும் பார்ப்பதற்கும் மட்டுமே பாட்டு. அட்லஸ் பதிப்பில் பாடல்களை ஆங்கிலத்தில் எழுதி, பாடகர்களைக் கொண்டு மீண்டும் பதிவு செய்தார்கள். விளையாட்டுத் தட்டோடு இசைத் தட்டு ஒன்றும் பெட்டியில் இருந்தது.

கையடக்கப் பதிப்பு (2008)

நின்டெண்டோ டிஎஸ் 2004இல் அறிமுகமானது; இரண்டு திரைகள், கீழ்த்திரை தொடுதிரை. உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்ற கருவி. பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டுகளுக்கு அதில் இரண்டாம் வாழ்வு கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஜப்பானியப் பதிப்பைத் தொடர்ந்து 2008 செப்டம்பரில் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையான என்ஐஎஸ் அமெரிக்கா இதை ஆங்கிலத்தில் வெளியிட்டது.

இரண்டு பெரிய மாற்றங்கள். முதலாவது, கட்டம் போட்ட களம் போய்விட்டது. இரு தரப்பும் எதிரெதிரே நின்று மாறி மாறித் தாக்கும் எளிய முறை வந்தது. மூலத்தின் சண்டைகள் நத்தை வேகத்தில் நகர்ந்தன, எனவே இது நல்லதே என்பது ஒரு தரப்பு. யோசித்து ஆட இருந்த ஒரே பகுதியையும் எடுத்துவிட்டார்கள், இப்போது ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்கினால் போதும் என்பது மறுதரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. பேருந்திலோ படுக்கையிலோ கால்மணி நேரம் ஆடுபவருக்குப் புதிய முறை ஒத்துப்போகிறது. நீண்ட நேரம் உட்கார்ந்தால் அதே முறை அலுப்பூட்டுகிறது. இதனால் வகைப்பாட்டிலும் ஒரு குழப்பம் நேர்ந்தது. ‘உத்தி சார்ந்த’ விளையாட்டு என்று சில பட்டியல்கள் இதைக் குறிக்க, மற்றவை சாதாரணப் பாத்திரமேற்பு விளையாட்டு என்கின்றன. எந்தப் பதிப்பைப் பார்த்து எழுதினார்கள் என்பதே காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது மாற்றம் அதிகம் புண்படுத்தியது. ஆங்கிலப் பதிப்பில் ஆங்கிலப் பாடல்கள் இல்லை. பாடல்கள் ஜப்பானியக் குரலிலேயே ஒலித்தன. குறுந்தட்டோடு ஒப்பிட்டால் டிஎஸ் அட்டையில் கொள்ளளவு மிகக் குறைவு என்பது உண்மை. நீக்கத்துக்கு அதுவே காரணம் என்று கொள்வோர் உண்டு, உறுதியாகச் சொல்வதற்கில்லை. மூலக் குரல்களே மேல் என்று இதை வரவேற்றவர்களும் இருந்தார்கள். எனினும் 2000இல் அந்தப் பாட்டுகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தவர்களுக்கு, பெயரிலேயே இசையைத் தாங்கிய விளையாட்டு தன் பாட்டைத் தொலைத்துவிட்டு வந்தது போலிருந்தது. சிறிய ஒலிபெருக்கியும் கைகொடுக்கவில்லை. காதில் ஹெட்போன் மாட்டினால்தான் சாட்டோவின் வாத்திய அமைப்பு எழுந்து வருகிறது.

இதையும் சொல்ல வேண்டும்: மூலப் பதிப்பின் அமெரிக்கத் தட்டுகள் அப்போதே கைக்கு எட்டாத விலைக்குப் போயிருந்தன. கார்னெட்டைப் பலர் முதன்முதலில் சந்தித்தது இந்தக் குறைபட்ட கையடக்கப் பதிப்பில்தான்.

தொடர்ச்சிகள்

இரண்டாம் பாகம் 1999இல் பிளேஸ்டேஷனுக்கும், மூன்றாம் பாகம் 2000இல் பிளேஸ்டேஷன் 2க்கும் வந்தன. இரண்டாவதின் நாயகி கார்னெட்டின் மகள்; பெயர் குருரு. மூன்றாவது பல தலைமுறைகளின் கதைகளைத் தனித்தனி அத்தியாயங்களாகச் சொல்கிறது. இரண்டுமே நெடுங்காலம் ஜப்பானைத் தாண்டவில்லை.

நிறுவனத்தின் பிற்காலப் புகழ் கட்டக் களச் சண்டையின்மேல் எழுந்தது. இதே கதையுலகைச் சேர்ந்த ‘லா ப்யூசெல்’ 2002இலும், பாத்திரங்களின் நிலை 9999 வரை ஏறும் ‘டிஸ்கயா’ 2003இலும் வந்தன. இரண்டுக்கும் இசை சாட்டோவே. டிஸ்கயாவின் கடைக்கு ரோசன்குவீன் என்று பெயர். என்ஐஎஸ் அமெரிக்கா நடத்திய இணையக் கடைக்கும் பல ஆண்டுகள் அதே பெயர் இருந்தது. போட்டியில் முறைத்துக்கொண்டு நின்ற எத்துவால் வணிகத்தில் வென்றுவிட்டாள் போலும்.

மறுவெளியீடுகள்

2022 ஆகஸ்டில் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்த தொகுப்பில் ‘லா ப்யூசெல்: ராக்னராக்’குடன் ராப்சடியும் இடம்பெற்றது. இதற்கு அடிப்படை பிளேஸ்டேஷன் பதிப்பு. கட்டக் களமும் ஆங்கிலப் பாடல்களும் திரும்பின. டிவியில் பொருத்தியும் கையில் வைத்தும் ஆடக்கூடிய கருவி என்பதால், மூலப் பதிப்பு கையடக்க வடிவில் ஆடக் கிடைத்தது. 2023 ஆகஸ்டில் இரண்டாம், மூன்றாம் பாகங்கள் ‘மார்ல் கிங்டம் க்ரானிக்கிள்ஸ்’ என்ற பெயரில் முதன்முறையாக ஆங்கிலத்தில் வெளியாயின.